பதினோராவது இடம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வரிசை என்பார்கள், வயதில் சின்னவர்களுக்கு வரிசையக்கா. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஏழு பேர் வேலை பார்க்கும் காது மெஷின் கம்பெனியின் தலைமை அலுவலகம் அது. மெஷினைப் பூட்டிச் சேர்ப்பவர்கள் ஓர் அறையில். வருகிறவர்களின் காதைச் சோதிக்கும் டெஸ்ட் அக்கா, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த இன்னோர் அறையில். சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. எழுதுகிறவர்கள் என்று மரியாதைக்குச் சொல்வதுதான். பதினெட்டு வருஷமாக அவள் ஒருத்திதான்.

பெயர் வந்தது காபிக் கோப்பையால். ஏழு கோப்பைகளும் தட்டில் ஒரே வரிசையில் நிற்கும், அவரவருடையது எத்தனையாவது என்று அவரவருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் கோப்பையை நடுவில் செருகி வைத்தார். அன்று நான்கு பேர் அடுத்தவர் கோப்பையில் குடித்தார்கள். அவள் எழுந்து போய் அந்தப் புதுக் கோப்பையை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு, "புதுசா வந்தது கடைசியில நிக்கட்டும், யாருக்கும் குழப்பம் வராது" என்றாள். டெஸ்ட் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தொழிலுக்கு அவள் படித்து வந்தவள் இல்லை. இருபத்திரண்டு வயதில் தராசு செய்கிற ஒரு கம்பெனியில் டைப் அடிக்கப் போனாள். அங்கே தராசும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது வெறும் எண்களில். மூன்று, நாற்பது என்று தராசு சொன்னால், மூன்றாவது சமாச்சாரத்தின் மதிப்பு நாற்பது என்று அர்த்தம். மூன்றாவது எது, ஏழாவது எது என்பதெல்லாம் ஒரே ஒரு தாளில் எழுதியிருந்தது. ஒருநாள் அந்தத் தாளும் அதை எழுதிய இன்ஜினியரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது டைப் அடிக்கிற பெண், "எனக்குத் தெரியும் சார், தினமும் அதைப் பார்த்துத்தானே அடிச்சேன்" என்று ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை ஒப்பித்தாள். அன்றிலிருந்து அவளை டைப் அடிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். சமையலறை டப்பாக்கள் எதிலும் பெயர் எழுதியிருக்காது. இரண்டாவது உப்பு, ஐந்தாவது மிளகு. கல்யாணமான புதிதில் அவள் கணவர், "என்னை எத்தனாவது இடத்துல வச்சிருக்க?" என்று கேட்டார். "கடைசியா வந்தவர்தானே நீங்க" என்றாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் கதவும் ஜன்னலும் செய்யும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறவர். இழைப்பு மெஷின் பக்கத்தில் நின்றே முக்கால்வாசிக் காலம் போயிற்று. காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. மரத்தின் சத்தத்தைக் கேட்டால்தான் மெஷினின் பல் மழுங்கியது தெரியும் என்பார். மரத்தின் சத்தம் ஒருநாள் கேட்காமல் போனது. அதற்குப் பின்னால் மனிதர்களின் சத்தமும் ஒவ்வொன்றாக.

காது போனவர்களில் கோபப்படுகிறவர்கள் உண்டு, கத்துகிறவர்கள் உண்டு. அவர் இரண்டும் இல்லை. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு "நல்லாருக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். குழம்பு எப்படி? நல்லாருக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நல்லாருக்கு. வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால், அவர் கையில் போனைக் கொடுத்ததும் "நல்லாருக்கியாம்மா, நல்லாப் படி, அம்மாகிட்டக் கொடுக்கிறேன்" என்று பத்து விநாடியில் திருப்பிக் கொடுத்துவிடுவார். மகளுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். பேசுவது தன் சட்டைக் காலருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலப் பேசுவாள். மூன்று வருஷத்தில் அவளும் அப்பாவைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

காது மெஷின் கம்பெனியில் வேலை பார்ப்பவளின் கணவர் காது கேட்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு என்று டெஸ்ட் அக்கா வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுவார். இரண்டு ஜோடி மெஷின் மாட்டிப் பார்த்தாயிற்று. இரண்டும் மேசை டிராயரில் தூங்கின. எல்லாச் சத்தமும் கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்பது அவர் புகார். அதுவும் அவள் துருவித் துருவிக் கேட்டபின் வந்தது.

மூன்றாவதுக்கு அவள் இரண்டு மாதம் உட்கார்ந்தாள். அவரைப்போல மெல்லிய பேச்சு மட்டும் நழுவிப்போகிறவர்கள் கம்பெனிக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்காக மெஷினுக்குள் புதிதாக ஒரு சமாச்சாரம் சேர்த்தாள். மெதுவாகப் பேசும் குரலை மட்டும் தேடிப் பிடித்துத் தூக்கிக் கொடுப்பது. அதற்கு மென்பேச்சு என்று பெயர் வைத்தாள். முதலில் தன் வீட்டுக்காரர் ஒரு வாரம் மாட்டிப் பார்க்கட்டும், சரியாக இருந்தால் அதற்கடுத்த திங்கட்கிழமை எல்லா ஊர்க் கிளைகளுக்கும் அனுப்பிவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து அவர் காதில் மாட்டினாள். மாட்டுவதற்கு முன்பு அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது கடைசி. சரியா? இதுவும் ஒத்துவரலன்னா விட்டுடு. என்னால உன் மூஞ்சியப் பார்க்க முடியல ஒவ்வொரு தடவையும்."

"சரிங்க."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா நீங்களும் ஒரு வாரம் நேர்மையாப் போடணும்."

மாட்டினாள். எண்களை ஏற்றினாள். "கேக்குதா?" என்றாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு விரிந்தது. "கேக்குது. உன் குரல்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, வழக்கம்போல, "நல்லாருக்கு."

இனி நடந்தது விளங்க, அவள் வேலையில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒருவருடைய காது பற்றிய விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே கட்டாக இருக்கும். அவள் அதற்கு 'காது' என்றே பெயர் வைத்திருந்தாள். அந்தக் கட்டுக்குள் பேச்சு எவ்வளவு, கீச்சென்ற ஒலி எவ்வளவு, திடீர்ச் சத்தத்துக்குக் கடிவாளம் எவ்வளவு, காற்று இரைச்சலைத் தடுப்பது எவ்வளவு, மொத்த ஒலி எவ்வளவு, இடது வலது சமநிலை எவ்வளவு, கடைசியில் உபயோகித்த நிமிடங்கள் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் இடமும் உண்டு. பெயர் மனிதர்களுக்கு. மெஷினுக்குப் பெயர் தெரியாது. கடுகளவு மெஷினில் பெயர்களை வைக்க இடமேது? அதனிடம் "ஐந்து, அறுபது" என்று சொன்னால், தன் ஐந்தாவது இடத்தில் அறுபதை எழுதிக்கொள்ளும். "பதினொன்று?" என்று கேட்டால், பதினோராவது இடத்தில் இருப்பதைச் சொல்லும். அவளுடைய சாப்ட்வேரும் காதுக் கட்டைப் பெயர் பார்க்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று இடத்தை எண்ணிக்கொண்டே போய் வரிசையாக அனுப்பும், வரிசையாக வாங்கும். சுருக்கமான வேலை. கம்ப்யூட்டர் வரிசையும் மெஷின் வரிசையும் ஒன்றாக இருக்கும்வரை.

மெஷினுக்குள் மென்பேச்சைச் சேர்த்தபோது, தன் வழக்கப்படி கடைசியில் சேர்த்தாள். பன்னிரண்டாவது இடம். அதற்கு மறுவாரம் ஸ்கிரீனில் அதைக் காட்ட வேண்டியிருந்தது. ஸ்கிரீனும் கட்டில் இருக்கிற வரிசைப்படிதான் வரையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டின்மேல் நகரும் ஒரு பொட்டு. மென்பேச்சு எல்லாவற்றுக்கும் அடியில், உபயோகித்த நிமிடங்களுக்கும் கீழே போய் ஒண்டிக்கொண்டது.

"இது என்னடி, குடும்பத்துல சேர்க்காத மாப்பிள்ளை மாதிரி வாசல்ல நிக்குது?" என்றார் டெஸ்ட் அக்கா. "பேச்சுக்குப் பக்கத்துல வை. நான் அடிக்கடி தொடப்போறது அதைத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கும் உள்ளூர ஓர் ஆசை. பதினெட்டு வருஷமாக எல்லாப் புதுசையும் கடைசியில் நிறுத்தியவள், இதை மட்டும் அது இருக்க வேண்டிய இடத்தில், பேச்சின் பக்கத்தில் உட்காரவைக்க விரும்பினாள். அவருக்காகச் செய்தது இல்லையா. கம்ப்யூட்டரில் இருக்கும் கட்டில் அதை எடுத்து ஆறாவது இடத்தில் வைத்தாள். ஸ்கிரீன் அழகாக வந்தது. டெஸ்ட் அக்கா, "இப்பதான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்றார். அனுப்புகிற வேலையும் அதே வரிசையில்தான் நடக்கிறது என்பது அன்றைக்கு அவள் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். அவள் கரண்டியைக் கீழே போட்டபோது திடுக்கிட்டுத் திரும்பினார். அவளுக்கு அந்தத் திடுக்கிடல் பாட்டுக் கேட்டதுபோல இருந்தது. மூன்று வருஷத்தில் எந்தச் சத்தத்துக்கும் அவர் திரும்பியதில்லை. மகளுக்குச் செய்தி அனுப்பினாள்: அப்பா கரண்டிக்குத் திரும்பிட்டார். மகள் பத்து இதயம் அனுப்பினாள்.

திங்களிலிருந்து பட்டறைக்கும் மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்ததும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்தார். புதன்கிழமை தலைவலித் தைலம் வாசம் வந்தது. "என்னங்க, தலை வலிக்குதா?" என்றாள். "மரத்தூள்" என்றார். "மெஷின் எப்படி?" "நல்லாருக்கு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாரம் முடிந்ததென்று, மெஷினைக் கழற்றி வாங்கி லேப்டாப்பில் படித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பேச்சு அறுபது, மென்பேச்சு தொண்ணூறு, கீச்சொலி இருபது என்று அவள் ஏற்றிய எண்கள் ஏற்றியபடியே ஸ்கிரீனில் வந்து நின்றன. இடது வலது சமநிலையின் பொட்டு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எதையாவது நோண்டியிருப்பார் என்று விட்டுவிட்டாள். அவள் தேடியது கடைசி வரியை. எத்தனை நிமிடம் போட்டிருந்தார் என்று மெஷினே குறித்துவைக்கும் எண். வேறு யாரும் அதில் எழுத முடியாது, மெஷின் விடாது.

பூஜ்யம்.

கழற்றித் திரும்பப் படித்தாள். பூஜ்யம்.

"என்னங்க," என்றாள், அவர் முகத்துக்கு நேரே வந்து, வாயை அகலத் திறந்து. "இதை நீங்க போடவே இல்லையா?"

"போட்டேனே."

"ஒரு நிமிஷம்கூட ஓடலன்னு காட்டுது."

"போட்டேன்மா. காலைல மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுறேன்."

"பேட்டரியக் கழட்டிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கீங்க. போடப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒரு வாரமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு... நான் பொண்ணுகிட்ட வேற பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்!"

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "பேட்டரி உள்ளதான் இருந்துச்சு."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

வேகமாகச் சொல்லிவிட்டாள். அவருக்கு முழுதாகக் கேட்டிருக்காது. ஆனால் உதட்டைப் படிப்பதில் மூன்று வருஷப் பழக்கம்.

"அப்ப எனக்குத் தெரியும்னு சொல்ற," என்றார் மெதுவாக. பிறகு வலது கையைத் துடைத்துக்கொண்டு, மெஷினை எடுத்து அதன் பெட்டியில் வைத்து, பெட்டியை டிராயரில் அந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். "கடைசின்னு சொன்னேன்ல. முடிஞ்சுது. விட்டுடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவர் திரும்ப வந்து மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தார்.

சனிக்கிழமை அலுவலகத்துக்கு அரை நாள்தான். அவள் அந்தப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எட்டரைக்கே போய்விட்டாள். டெஸ்ட் அக்கா பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னடி, மூஞ்சி ஆட்டுக்கல் மாதிரி இருக்கு?"

சொன்னாள். டெஸ்ட் அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "எங்க வீட்டு மனுஷனா இருந்தா நம்புவேன். அவர் இருமுறதே பொய்யா இருமுவார். உன் ஆளு அப்படி இல்லையே" என்றார்.

"எண் சொல்லுதேக்கா."

"எந்த எண்? காட்டு."

மெஷினை மாட்டி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். டெஸ்ட் அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். பூஜ்யத்தைப் பார்க்கவில்லை, அதற்கு மேல் வரியைப் பார்த்தார். "சமநிலை ஏன் இப்படிச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது? இதை வெளியிலேர்ந்து யாரும் தொட முடியாதே. அந்த மெஷின்ல அதுக்கு ஒரு பட்டன்கூடக் கிடையாதே."

உண்மை. அதை நோண்ட வழியே இல்லை. அவள் ஸ்கிரீனை விட்டுவிட்டு, மெஷின் அனுப்பிய வெறும் எண்களைத் திறந்தாள். பெயரில்லாமல், இடமும் மதிப்புமாக வந்து நின்றன. சமநிலை பூஜ்யத்திலிருந்து நூறு வரைதான் இருக்க முடியும். பதினோராவது இடத்தில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு இருந்தது.

நாலாயிரம் சமநிலை யாருக்கும் கிடையாது. அது நிமிடங்கள்.

அவள் ஒரு தாளை எடுத்து இரண்டு வரிசை எழுதினாள். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் மெஷின். ஐந்துவரை ஒன்றாக வந்தன. ஆறில் இந்தப் பக்கம் மென்பேச்சு, அந்தப் பக்கம் கீச்சொலி. அங்கிருந்து கடைசிவரை எல்லாம் ஓர் இடம் நழுவியிருந்தது. அனுப்பும்போதும் நழுவல், வாங்கும்போதும் அதே நழுவல். அதனால் போன எண்கள் போனபடியே திரும்பி வந்து ஸ்கிரீனில் சாதுவாக உட்கார்ந்திருந்தன. மெஷின் தானாக எழுதிய ஒரே ஓர் எண்தான் நடந்ததைக் காட்டிக்கொடுத்தது. கடைசி வரியில் வந்த பூஜ்யம்? அது மெஷினின் பன்னிரண்டாவது இடம். மென்பேச்சு. இரண்டு மாதம் உட்கார்ந்து அவருக்காகச் செய்தது அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டை ஆறால் வகுத்தாள். ஒரு நாளைக்குப் பதினொன்றே முக்கால் மணி நேரம், இரண்டு நிமிடம் குறைய. காலை ஏழேகாலுக்கு அவர் சட்டை போடுகிற நேரத்திலிருந்து மாலை ஏழு மணிவரை.

"போட்டிருக்கார்க்கா," என்றாள். "ஆறு நாளும்."

"அதைத்தானே அந்த மனுஷனும் சொன்னார்?" டெஸ்ட் அக்கா தாளை இழுத்துப் பார்த்தார். அவருக்குச் சாப்ட்வேர் தெரியாது, காது தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "கீச்சொலி தொண்ணூறா? திடீர்ச் சத்தத்துக்குக் கடிவாளம் வெறும் இருபது? மொத்த ஒலி எண்பத்தஞ்சு? ஏம்மா... இதை மாட்டிக்கிட்டா இழைப்பு மெஷின் பக்கத்துல நின்னார்?"

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழைய மெஷினை எடுத்து, அதில் அதே எண்களை ஏற்றினாள்.

"வேணாம்டி. உனக்கு நல்ல காது."

"எனக்குத் தெரியணும்க்கா."

"அப்ப பாதியாக் குறைச்சுத்தான் தருவேன்," என்று டெஸ்ட் அக்கா மொத்த ஒலியை அவரே இறக்கிவிட்டுக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டாள்.

டெஸ்ட் அக்கா "கேக்குதா" என்று கேட்டது கேட்டது. அதற்குப் பின்னால் வந்ததுதான் தாங்க முடியவில்லை. அக்காவின் கைவளையல்கள் ஒன்றோடொன்று மோதியது தகரத்தைக் கிழிப்பதுபோல இருந்தது. காகிதத்தைத் திருப்பினால் நெருப்புப் பிடித்த சத்தம். கீழே டயர் கடையில் யாரோ இரும்புக் கம்பியைத் தரையில் போட்டார்கள்; அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கோப்பையை மேசையில் வைத்தபோது கண்ணே இருட்டியது. கரண்டிக்கு அவர் திடுக்கிட்டுத் திரும்பிய முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பத்து இதயம் வந்ததும்.

நான்கு நிமிடத்தில் கழற்றிவிட்டாள். பாதி ஒலியில், நான்கு நிமிடம்.

மென்பேச்சைக் கம்ப்யூட்டரிலும் பன்னிரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கிரீனில் வேண்டுமானால் வேறு வரிசையில் வரைந்துகொள்ளலாம்; அதைத் தனியாகச் செய்ய வேண்டும், திங்கட்கிழமை கிளைகளுக்கு எதுவும் போகாது என்று முதலாளிக்கு இரண்டு வரி அனுப்பினாள். ஏன் என்று அவர் உடனே போன் செய்தார். "என் வீட்டுக்காரர் போட்டுப் பார்த்ததுல தப்பு தெரிஞ்சுது சார். என்னோட தப்பு. நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பட்டறைக்கு அவள் அதிகம் வந்ததில்லை. உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் தூள் பறந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அறுப்பு மெஷினில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கோடியில், ஒரு பெரிய கதவுச் சட்டத்தின்மேல் குனிந்து, அளவு போட்டுக்கொண்டிருந்தார். காதோரத்தில் ஒரு பென்சில் மட்டும். எதிரே நின்ற பாலிஷ்காரர் ஏதோ கேட்டதற்குச் சிரித்துத் தலையாட்டினார். பாலிஷ்காரர் திரும்பி அவளைப் பார்த்து, "வாங்கக்கா, சிவப்பா கறுப்பான்னு கேட்டேன், ஆமாங்கறார்" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்று தலையாட்டினாள். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் அந்தச் சத்தத்தில் உதவாது. அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, கையெட்டும் பலகையில் எழுதினாள்:

நீங்க போட்டிருந்தீங்க. 4218 நிமிஷம். தப்பு நான் பண்ணினது. மெஷின்கிட்ட தப்பான இடத்துல கேட்டேன். நீங்க சொன்னதை நம்பல.

அவர் நிதானமாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"இது ஒரு டாக்டர் வீட்டுக் கதவு," என்றார். "இதுல எழுதிட்டியே."

"இழைச்சா போயிடும்ல?"

அது கேட்கவில்லை. ஆனால் அவர் அந்த வரிகளை இழைக்க இழைப்புளியை எடுக்கவும் இல்லை. அவளைச் சுவர் பக்கமாக, மரம் அடுக்கியிருந்த சிறிய அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. அவள் நேருக்கு நேர் உட்கார்ந்தாள்.

"நானும் போட்டுப் பார்த்தேன், இன்னைக்குக் காலைல. நாலு நிமிஷம் தாங்க முடியல. நீங்க எப்படிங்க ஆறு நாள்? ஏன் சொல்லல?"

அவர் முழங்காலில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார்.

"தலை வெடிச்சுப் போச்சு," என்று ஒப்புக்கொண்டார். "தண்ணி ஊத்தினா கண்ணாடி உடையுற மாதிரி இருந்துச்சு. ஆனா உன் குரல் கேட்டுச்சுல்ல, முதல் நாளே. அப்ப மெஷின் சரிதான், எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். காது நல்லாக் கேட்டா உலகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கு. பாவம், எல்லாரும் இதைக் கேட்டுக்கிட்டேதான் வேலை செய்யறாங்க, நான் மட்டும் மூணு வருஷம் தப்பிச்சிருந்தேன்னு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தன. "பாவம் எல்லாரும்" என்று அவர் சொன்ன விதம் அப்படி.

"நீங்க இனிமே போட வேணாம்னு சொன்னா விட்டுடறேன்," என்றாள். "சத்தியம் பண்ணினேன்ல. கடைசின்னா கடைசி."

அவர் யோசித்தார். அறுப்பு மெஷின் நின்று மறுபடி ஓடியது.

"இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா," என்றார். "நான் கேட்டது வேற ஏதோதானே. நீ செஞ்சதை நான் இன்னும் போட்டே பார்க்கல. கொண்டா."

மரத்துண்டு ஒன்றை மேசையாக்கி லேப்டாப்பை வைத்தாள். ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு வரிசையையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, விரல் வைத்துச் சரிபார்த்தாள். ஐந்து பேச்சு. ஆறு கீச்சொலி. பன்னிரண்டு மென்பேச்சு. பிறகு மாட்டினாள்.

அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். பக்கத்துப் பலகையை விரலால் தட்டினார். முகத்தில் எதுவும் சுருங்கவில்லை.

"எப்படி?" என்றாள். குரலை உயர்த்தாமல், தன் சட்டைக் காலருக்கு மட்டும் சொல்வதுபோல.

அவர் வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "நல்லாருக்குன்னு சொன்னீங்கன்னா இங்கயே உக்காந்து அழுவேன். குறை சொல்லுங்க."

"குறையா?"

"ஆமா. என்ன குறை இருந்தாலும்."

அவர் கண்ணை மூடினார். "நீ மூக்கால பேசுற மாதிரி இருக்கு," என்றார் சற்றுத் தயங்கி.

அவள் ஐந்தாவதைக் கொஞ்சம் இறக்கினாள். "இப்ப?"

"இப்பப் பரவால்ல. ஆனா எங்கயோ உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது."

"அது உங்க பட்டறை ஃபேன்."

"அவ்வளவு மோசமாவா ஓடுது? எண்ணெய் போடச் சொல்லணும்." அவர் கண்ணைத் திறந்தார். தைரியம் வந்துவிட்டிருந்தது. "வலது பக்கம் இடதைவிடக் கம்மி. சட்டை காலர் உரசுறது எரிச்சலா இருக்கு. உன் செருப்புல ஏதோ ஒண்ணு கிறீச்சுங்குது. அப்புறம் வெளிய அந்தப் பாலிஷ் பையன் பாடுறானே, அதைக் குறைக்க ஏதாவது நம்பர் இருக்கா?"

"பாடுறதுக்கு நம்பர் இல்லீங்க."

"அவன் இவ்வளவு மட்டமாவா பாடுவான்? மூணு வருஷமா நான் தலையாட்டியிருக்கேனே!"

அவள் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். ஏழு, எட்டு, ஒன்பது. மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை, அத்தனையும் புகார். ஒவ்வொன்றுக்கும் எதையாவது ஏற்றினாள், எதையாவது இறக்கினாள். ஃபேன் மட்டும் இறங்கவில்லை.

பாலிஷ்காரர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். "அண்ணே, அந்தக் கதவுல என்னமோ எழுதியிருக்கு, இழைச்சிடவா?"

"வேணாம்," என்றார் அவர், பாலிஷ்காரரின் உதட்டைப் பார்க்காமலே. "அதை நான் பார்த்துக்கிறேன். நீ கறுப்பு அடி, சிவப்பு வேணாம்." பிறகு அவளிடம் திரும்பினார். "பேட்டரி இன்னொரு ஜோடி இருந்தா குடுத்துட்டுப் போம்மா. மத்தியானத்துக்கு மேல இது நிக்குமான்னு தெரியல."